இறுக மூடிய டப்பா

போன வாரம் அஞ்சலாட்சியின் சீப்பு கோலக்கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே வந்து, அந்தக் குற்றத்துக்காகக் குப்பைக்கூடையில் போய்ச் சேர்ந்ததைச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அஞ்சலாட்சி தன் ஓரகத்தி செல்வாம்பாளின் சீப்பை எடுத்துத்தான் தலை வாருகிறாள். உதிர்ந்த முடியை அதிலேயே விட்டுவிட்டு வருகிறாள். செல்வாம்பாள் அந்தச் சீப்பைச் சாம்பல் போட்டு மூன்று முறை கழுவினாள். நான் எண்ணினேன்.

எண்ணுவதற்கு நீ என்ன அந்த வீட்டிலா இருக்கிறாய் என்று கேட்பீர்கள். அடுத்த வீடு. நடுவே ஒரு சுவர். நான் துணி துவைக்கிற கல் அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் அவர்கள் முற்றம் தெரியும், அதற்கப்பால் கூடம் தெரியும், கூடத்தின் கோடியில் தெரு அறையின் வாசலும் தெரியும். கல்மேல் ஏறி நின்று யாராவது துணி துவைப்பார்களா என்று என் வீட்டுக்காரர்கூட ஒரு தடவை கேட்டார். பதில் சொல்லவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் வளரும்.

அந்தத் தெரு அறைதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். மூத்தவர் ஜானகிராமனும் செல்வாம்பாளும் பின்கட்டு அறையில் புழுங்குகிறார்கள். காற்றோட்டமான தெரு அறை இளையவர் கலியபெருமாளுக்கும் அஞ்சலாட்சிக்கும். அஞ்சலாட்சி அதைக் குடோன் ஆக்கி வைத்திருக்கிறாள். அது கூடத்துக்குள் வழியக் கூடாது என்று செல்வாம்பாள் தினமும் காலையில் அறை வாசலில் கோலமாவால் ஒரு கோடு இழுக்கிறாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்த எதுவும் உயிரோடு திரும்புவதில்லை.

செல்வாம்பாளின் ஒழுங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் தம்ளர்கள் உயர வரிசையில் நிற்கும். செருப்புகள் தெருவைப் பார்த்து ஜோடியாக நிற்கும். ஜானகிராமனும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்பார். போன போகிக்கு வெள்ளையடித்தபோது கூடத்துச் சுவரலமாரியின் நான்கு பலகைக்கும் மைதாக் கூழில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து கெட்டித் தாள் ஒட்டி, முன்விளிம்பைப் பல் பல்லாகக் கத்தரித்துத் தொங்கவிட்டாள். மிஞ்சிய தாள் இரண்டைச் சுவருக்கு மேலாக எனக்கும் நீட்டினாள்.

"கமலாக்கா, உங்க அடுப்பங்கரைய நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. இத விரிச்சுத் தொலைங்க."

கொடுக்கிறபோதும் குத்துவாள். ஆனாலும் தாள் நல்ல தாள். வாங்கிக்கொண்டேன்.

இனி இந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

கலியபெருமாள் பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, சைகோன் பக்கம் சண்டை போட்டு, இடது முழங்காலில் குண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நம் ஊர் இந்த ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்சாதியோடு பிரெஞ்சு தேசத்துக்குக் கப்பலேறி, துலோனில் கூடப் பட்டாளத்தில் இருந்தவர் பார்த்து வைத்திருக்கிற வேலைக்குப் போவதாக ஏற்பாடு. புதன்கிழமை மூன்று மணிக்குக் கடற்கரைப் பக்கத்து ஆபீஸில் அவருடைய முறை. கையில் பட்டாளத்துக் காகிதம் இருக்க வேண்டும். சேர்ந்த தாள், காயம்பட்ட தாள், விடுதலைத் தாள் என்று மூன்று. மறுபிரதி கேட்டு எழுதினால் அது கப்பலில் போய்க் கப்பலில் வருவதற்குள் கெடு தாண்டிவிடும்.

இந்த ஒரு காரியத்தில் மட்டும் அந்த வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே மனசு. அஞ்சலாட்சிக்குச் செல்வாம்பாள் இல்லாத தேசம் எதுவானாலும் சொர்க்கம். செல்வாம்பாளுக்குத் தெரு அறை காலியானால் போதும். எந்த மூலையில் எதை வைப்பது என்று நூல் பிடித்து அளந்தும் ஆகிவிட்டது.

காலை ஒன்பது மணிக்குக் கலியபெருமாள் முகம் மழித்து, மெடலைத் துடைத்துக் குத்திக்கொண்டு, பெண்சாதியைக் கேட்டார்.

"காயிதம் எங்கடி வச்சிருக்க?"

அஞ்சலாட்சி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கட்டிலுக்குக் கீழ, உளுந்து மூட்டைக்குப் பின்னால, செவப்புப் பொட்டி மேல பிஸ்கோத்து டப்பா. பொட்டிய இழுக்கும்போது உங்க பட்டாளத்துத் தொப்பி உருளும். அதுல புளி வச்சிருக்கேன். பாத்து."

சொன்ன இடத்தில் டப்பா இருந்தது. சொன்னபடி தொப்பி உருண்டது. ஆனால் டப்பாவின் மூடி வரவில்லை. நகத்தால் முயன்று, கரண்டிக் காம்பால் முயன்று, கடைசியில் கத்தியால் நெம்பினார். உள்ளே ஒரு பித்தளைப் பொத்தானும், சைகோனில் எடுத்த போட்டோ ஒன்றும் இருந்தன.

"அஞ்சல... காயிதம் இல்லடி."

கூடத்தில் அலமாரித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வாம்பாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"காணமா? அந்த ரூம்புல யானை காணாமப் போனாக்கூட எனக்கு ஆச்சரியமில்ல. நேத்து ஒரு எலி உள்ள போயிட்டு, வழி தெரியாம வந்து எங்கிட்ட வழி கேட்டுச்சு. தம்பி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. குப்பமேட்டுல குடும்பம் நடத்துனா இப்படித்தான் ஆவும்."

"அண்ணி, இப்ப அது வேணாம்."

"நான் ஏன் பேசறேன்? மூணு மணிக்கு அங்க போயி, என் காயிதத்த என் பெண்சாதி புளியோட கரைச்சுட்டான்னு சொல்லுங்க. ஆபீசு முசியே கேட்டுக்குவாரு."

கட்டிலைத் தூக்கினார்கள், மூட்டையைக் கொட்டினார்கள். புடைவை, குடை, ஒற்றைச் செருப்பு, வெங்காயக் கூடை என்று ஒவ்வொன்றாக வெளியே வர, ஒவ்வொன்றும் கோட்டைத் தாண்டும்போது செல்வாம்பாள் விளக்குமாற்றால் உள்ளே தள்ளினாள். "என் பக்கம் வராம தேடு" என்றாள். குடையை இரண்டு தடவை தள்ளினாள்.

அஞ்சலாட்சி தேடுவதை நிறுத்திவிட்டு அந்த டப்பா மூடியைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். மறுபடி டப்பாவில் வைத்து அழுத்தினாள். 'டக்' என்று இறுகியது.

"இத யாரு மூடுனது?"

"உன் டப்பாவ நீதானே மூடுவ?" என்றாள் செல்வாம்பாள்.

"நானா? என் கையால ஒரு மூடிய நான் இறுக்க மூடி இந்த வூட்டுல யாராவது பாத்திருக்கீங்களா?"

சத்தியமான வார்த்தை. அவள் சர்க்கரை டப்பா என்றைக்கும் வாய் பிளந்தேதான் கிடக்கும். எறும்பு எங்கள் வீடு வழியாகத்தான் அதற்குப் போகிறது.

"கத்தி போட்டு நெம்புற மாதிரி அழுத்தி மூடுறவ இந்த வூட்டுல ஒருத்திதான். அவ கை இந்த டப்பாவத் தொட்டிருக்கு. இன்னாக்கா, தொட்டீங்களா இல்லையா?"

செல்வாம்பாளிடம் சொல்லுக்குப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று வந்தது. கையிலிருந்த ஈரத் தம்ளரைத் துடைக்காமலேயே பலகையில் வைத்தாள். அந்தச் சொட்டு நீர் பலகையில் பரவியதைப் பார்த்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"உன் குப்பையத் தொட்டுட்டு நான் எங்க போயி முழுகறது?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். வழக்கமாக இருபது வார்த்தை வருகிற இடம் அது.

பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. ஜானகிராமன் சாப்பிட வந்தார். ஆலையில் டைம்கீப்பர். மற்றவர்கள் வருகிற நேரம் போகிற நேரம் எல்லாம் அவர் கையில். தன் வீட்டில் எப்போது பேசுவது என்பது மட்டும் அவர் கையில் இல்லை.

அஞ்சலாட்சி ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக் கூடத்தின் நடுவில், கோட்டுக்கு இந்தப் பக்கம், செல்வாம்பாளின் ராஜ்யத்துக்குள்ளேயே வைத்தாள்.

"மாமா, நீங்களே சாட்சி. அக்காவ இத அணைக்கச் சொல்லுங்க. அந்த டப்பாவ நான் தொறக்கலன்னு சொல்லி அணைக்கட்டும். நான் கால்ல வுழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

ஜானகிராமன் பெண்சாதியைப் பார்த்தார். "அணைச்சுட்டுப் போயேன், செல்வம். எனக்கு ஒண்ணரைக்குத் திரும்பணும்."

செல்வாம்பாள் கற்பூரத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"இப்பத்தான் மெழுகித் தொடச்சிருக்கேன். கரி புடிக்கும். எடுத்துட்டுப் போ அந்தப் பக்கம்."

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. யாரும் அணைக்கவில்லை. தட்டு தொட்ட இடத்தில் தரையில் ஒரு கருப்பு வளையம் நின்றது. அதை அவள் துடைக்கவும் இல்லை.

சாப்பாடு என்று பேர் பண்ணிவிட்டு ஜானகிராமன் போனார். கலியபெருமாளும் அஞ்சலாட்சியும் கொல்லைக் குப்பைக்குழியைக் கிளறப் போனார்கள். போகிற போக்கில் அஞ்சலாட்சி, "கெடைக்கலன்னா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, நான் இந்த வூட்ட விட்டு நகர மாட்டேன். இன்னும் நாப்பது வருஷம் உங்க சீப்புலதான் தல வாருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் துவைத்த துணியையே மறுபடி நனைத்துக்கொண்டேன்.

கூடத்தில் தனியாக ஆனதும் செல்வாம்பாள் அலமாரி முன் வந்தாள். மூன்றாம் பலகையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். வரிசை இல்லாமல். போசி கிண்ணத்துக்குள்ளும், கிண்ணம் அண்டா மேலுமாக.

பலகை காலியானதும் தெரிந்தது. மயில்துத்தம் ஏறிப் பச்சை பூத்த இரண்டு தாள்கள். ஒவ்வொன்றின் தலையிலும் வட்டமாக ஒரு முத்திரை. முத்திரைக்குள் ஒரு பெண்ணின் தலை. அடியில் கையெழுத்து இருந்திருக்க வேண்டிய இடம் பல் பல்லாகக் கத்தரித்துத் தொங்கியது.

நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. போகிக்கு ஒட்டத் தாள் தேடியவள், அந்த டப்பாவைக் குடைந்திருக்கிறாள். பிரெஞ்சு எழுத்தைக் கண்டதும், துரையே போயிட்டான், அவன் தாள் யாருக்கு வேணும் என்று எடுத்திருக்கிறாள். அப்போது ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். பழைய கெட்டித் தாள் எல்லாம் மல்லாட்டைக் கடலைப் பொட்டலமாகப் போய்க்கொண்டிருந்த காலம். மகராசி, எடுத்த பிறகு கைப்பழக்கத்தில் மூடியை மட்டும் ஒழுங்காக அழுத்தி மூடிவிட்டாள்.

தண்ணீர் தெளித்து, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். மூலை கிழிந்து கையோடு வந்தது. அவள் கூழ் காய்ச்சினால் கல்லையும் கல்லையும் ஒட்டலாம். கையை எடுத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து நின்றாள்.

சொன்னால் காலையிலிருந்து பேசிய பேச்செல்லாம் அவள் தலையிலேயே திரும்பி விழும். சொல்லாவிட்டால் அஞ்சலாட்சி இன்னும் நாற்பது வருஷம்.

எட்டு வருஷமாக ஒரு ஆணி இடம் மாறினால் பொறுக்காதவள், இரண்டு கையாலும் அந்தப் பலகையை உருவினாள். தூக்கிக்கொண்டு கோலக்கோட்டைத் தாண்டினாள். கோடு அழிந்தது. பலகையைக் கட்டிலுக்குக் கீழே செருகி, மேலே இரண்டு புடைவை, ஒரு தலையணை, அந்தக் குடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்து, சத்தமாகச் சொன்னாள்.

"இன்னொரு வாட்டி உன் ரூம்புலயே தேடிப் பாரேன். கட்டிலுக்குக் கீழ சரியாப் பாத்தியா?"

அஞ்சலாட்சி கொல்லையிலிருந்து வந்தாள். அறை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

"யாரு உள்ள வந்தது?"

"யாரு வருவா அந்த நரகத்துக்குள்ள?"

"மஞ்சப் பொடவ கட்டில் கால்ல கெடந்துச்சு. இப்பக் கீழ கெடக்கு. குடைய நீங்க ரெண்டு தரம் உள்ள தள்ளுனீங்க, அது கதவோரம் இருந்துச்சு. தலைகாணி ஒற எப்பவும் அவுந்துதான் கெடக்கும். இப்ப எவளோ நுனியச் சொருகி வச்சிருக்கா." அஞ்சலாட்சி குனிந்து இழுத்தாள். பலகை வந்தது. "என் குப்பையில எது எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். இது என் குப்பை இல்ல. இது உங்க அலமாரி."

கலியபெருமாள் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். பலகையைப் பார்த்தார். மண்டியிட முடியாத காலோடு மண்டியிட்டார். முத்திரைமேல் விரலை வைத்துத் தடவினார்.

"என் முட்டியில குண்டு பாஞ்ச தாளு அண்ணி இது. இதுமேலயா டம்ளர் கவுத்த?"

வாங்க போங்க போய்விட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அது வேணாத தாளுன்னு நெனச்சுட்டேன்."

"கேட்டியா? ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பாளா இவ? ஒரு கந்தல் துணியக்கூட எடுக்க விடமாட்டா." செல்வாம்பாளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "நீங்க எப்ப தொலைவீங்கன்னு மொளப்பாரி எடுக்காத குறையா வேண்டிக்கிட்டு இருக்கேன். நானே ஒளிச்சு வைப்பேனா? அந்த அளவுக்கா நான் முட்டாளு?"

"ஒளிச்சுத்தானே வச்ச?" என்றாள் அஞ்சலாட்சி. "எங்கிட்ட கொண்டாந்து ஒளிச்ச. காலையில இருந்து தெருவுக்கே கேக்க என்னக் குப்பக்காரின்னு கத்துன. குப்பக்காரி வச்ச எடத்துல டப்பா இருந்துச்சு. சுத்தக்காரி வச்ச எடத்துல காயிதம் எப்படி இருக்குது பாரு. கத்தரிச்சுப் பூ போட்டிருக்கா!"

மணி இரண்டரை. உரிக்க முடியாது. உரித்தால் தூளாகும். கலியபெருமாள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மெடலோடு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்து கடற்கரைப் பக்கம் போனார். வழியில் யாரோ, "முசியே, கதவு வேலைக்கா?" என்று கேட்டிருக்கிறான். அவர் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பாத்திரங்கள் தரையில் கிடந்தன. செல்வாம்பாள் எடுத்து அடுக்கவில்லை. வாசற்படியில் நின்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி அவளுடைய பாத்திரங்களுக்கு நடுவே, கோட்டுக்கு இந்தப் பக்கம், காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தோலைத் தரையிலேயே போட்டாள்.

"அங்க பலகைய ஏத்துக்கலன்னு வையி," என்றாள், "நாளைக்கே இந்தக் கூடத்துல ஒரு கட்டில் போடறேன்."

"ஏத்துக்குவாங்க."

"அவ்வளவு நிச்சயமா?"

"மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன். நீ போயி ஒழியணும்."

"நானும் நேந்திருக்கேன். அதேதான்."

ஐந்து மணிக்குக் கலியபெருமாள் நடந்தே வந்தார். தோளில் பலகை இல்லை. இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் படியிறங்கப் பாய்ந்ததில் முட்டிக்கொண்டார்கள்.

"வாங்கி வச்சுக்கிட்டாங்க. நாலு பேரு கூடிப் பாத்தாங்க. சிரிச்சாங்க. அப்பறம் ஒரு வயசான முசியே வந்து, முத்திரையப் பாத்துட்டு, சிரிக்காதீங்கன்னு அதட்டுனாரு. ரெண்டு தாளும் செல்லும்னு எழுதிக்கிட்டாரு."

செல்வாம்பாள் கையைத் தலைக்குமேல் கூப்பினாள்.

"ஆனா விடுதலைத் தாளு எங்கன்னு கேட்டாரு. அதுதான் முக்கியமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாந்தா எழுதிக்கறேன்னாரு. பலகையில ரெண்டுதான இருக்குது அண்ணி? மூணாவது எங்க?"

செல்வாம்பாள் அலமாரியைப் பார்த்தாள். மிச்சம் மூன்று பலகை. ஒவ்வொன்றாகப் பாத்திரத்தை வழித்துத் தள்ளினாள். சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். செய்தித்தாள், காலண்டர் தாள், மறுபடி காலண்டர் தாள்.

"இல்ல," என்றாள். அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கினாள். முற்றத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டி, நேராக என்னைப் பார்த்தாள்.

நான் கல்லைவிட்டு இறங்கிவிட்டேன்.

அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு, அலமாரியில் இருந்த மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் தூக்கினேன். அடியில் விரித்த தாள் எண்ணெய் குடித்துச் சிவந்து கண்ணாடியாகியிருந்தது. அதில் வட்ட முத்திரை. அதற்குள்ளிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் இருந்தது. ஜாடியின் அளவுக்கு வட்டமாக வெட்டியிருந்தேனே, அந்த அளவுக்குள் இருந்த எழுத்தெல்லாம்.

வெட்டிய நான்கு மூலைகள் எங்கே போயின என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் போய்விட்டால் இனி சாயங்கால வேளை எனக்கு எப்படிப் போகும் என்பதும் அப்போது ஞாபகம் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. ஜாடியை மறுபடி அதன்மேல் வைக்கலாமா என்று கை போனது.

வாசல் கதவு இடிபட்டது.

"கமலாக்கா! கதவத் தொறங்க!"

குரல் செல்வாம்பாளுடையதா, அஞ்சலாட்சியுடையதா என்று காது கொடுத்துக் கேட்டேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.